சிவப்பு எரிகிறது, வெள்ளை எரியவில்லை

புளியரைப் பக்கம் மலையடிவாரத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு, நெல் பால் பிடிக்கும் நாட்களில் ராத்திரித் தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றி வரும். என் சித்தப்பா பரணில் காவலுக்குப் படுப்பவர். அவருக்காக, எல்லை தாண்டிக் கேரளத்துப் புனலூரில் ஒரு கடையில் நான்கு நிற டார்ச் வாங்கினேன். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். கழுத்து வளையத்தைத் திருகினால் நிறம் மாறும். நாலு மாதம் ஒழுங்காக எரிந்தது. ஆனி மாதச் சாரல் ஆரம்பித்த வாரம், ஒரு காலையில் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார்.

“ஏலே, வெள்ளை மினுக்கு மினுக்குங்கு. நீலம் செத்துட்டு. பச்சை எப்பவாச்சும் வருது. சிவப்பு மட்டும் ஜம்முனு எரியுது. பேட்டரி போச்சோ?”

பேட்டரி போயிருந்தால் சிவப்பு எப்படி ஜம்மென்று எரியும்? நியாயமான கேள்விதான், ஆனால் தப்பான கேள்வி. பேட்டரி பாதி இறங்கினாலும் சிவப்பு எரியும். எந்த நிறம் முதலில் சாகிறது, எது கடைசி வரை நிற்கிறது என்பதைக் கவனித்தாலே கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

இந்த டார்ச்சில் ஒளி தருவது எல்இடி. அதற்குள் பழைய பல்பு போல இழை கிடையாது. ஒரு சின்னப் படிகத் துண்டு. மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழுகின்றன. விழும்போது விடும் ஆற்றல்தான் ஒளி. படியின் உயரம் நிறத்தைத் தீர்மானிக்கிறது. கணக்கு சுலபம்: 1240-ஐ ஒளியின் அலைநீளத்தால் வகுத்தால் படியின் உயரம் எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அளவில் கிடைக்கும். சிவப்பு 620 நானோமீட்டர் என்றால் 2.0. நீலம் 460 என்றால் 2.7. எலக்ட்ரானை அந்த மேல்படிக்கு ஏற்றும் வேலை பேட்டரியுடையது. அதனால் நடைமுறையில் சிவப்புக்கு 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும்.

வெள்ளை? வெள்ளை என்று தனியாகப் படிகம் கிடையாது, அது வேஷம் போட்ட நீலம். டார்ச்சை அணைத்துவிட்டு லென்ஸுக்குள் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். எங்கள் டார்ச்சில் ஒரே குமிழுக்குள் நாலு சின்னச் சதுரங்கள். ஒன்று மட்டும் மஞ்சள்பொடி பூசின மாதிரி இருக்கும். அடியில் நீல எல்இடி, மேலே பாஸ்பர் பூச்சு. நீல ஒளியில் ஒரு பங்கைப் பூச்சு வாங்கி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. மிச்ச நீலமும் அந்த மஞ்சளும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. ஆகவே நீலத்துக்கு வரும் நோய் வெள்ளைக்கும் வரும்.

இந்தப் படி உயரம்தான் வரலாற்றையும் தீர்மானித்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயரமான படி கொண்ட காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதில்லாமல் வளர்ப்பது அவ்வளவு கஷ்டம். அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நாங்கள் சின்ன வயதில் பார்த்த டேப் ரெக்கார்டர்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி எரிந்ததே தவிர நீலப் புள்ளி எரிந்ததில்லை.

சரி, சித்தப்பாவின் டார்ச்சுக்கு வருவோம். உள்ளே 18650 என்ற லித்தியம் அயான் செல். முழுக்க ஏற்றினால் 4.2 வோல்ட். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.9 காட்டியது. அப்படியானால் நீலம் எரிந்திருக்க வேண்டுமே!

இங்கேதான் நானும் ஒரு நாள் முழுக்க ஏமாந்தேன். மல்டிமீட்டர் காட்டுவது செல் சும்மா இருக்கும்போது உள்ள வோல்ட். அடைத்துக்கொண்ட பைப்பிலும் குழாயை மூடியிருக்கும் வரை அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் சொட்டு வடிவது தெரியும். செல்லிலிருந்து எல்இடிக்குப் போகும் வழியில் எங்காவது ஒரு ஓம் தடை ஒளிந்திருந்தால், 1 ஆம்பியர் கேட்கும் வெள்ளைக்கு அந்த இடத்திலேயே ஒரு வோல்ட் போய்விடும். மிச்சம் வருவது சிவப்புக்குத் தாராளம், வெள்ளைக்கும் நீலத்துக்கும் பற்றாக்குறை.

அந்தத் தடையைத் தேட ஒரு எளிய வழி உண்டு. பின்மூடியை முழுசாகக் கழற்றிவிட்டு, செல்லின் மைனஸ் அடியையும் டார்ச் குழாயின் வெறும் உலோக விளிம்பையும் ஒரு துண்டு ஒயரால் தொட வைப்பது. சுவிட்சும் ஸ்பிரிங்கும் இல்லாமல் மின்சாரம் நேராகப் போகும். (செல்லின் இரண்டு முனைகளையும் ஒரே ஒயரால் இணைத்துவிடாதீர்கள். லித்தியம் செல் தீப்பிடித்துவிடும்.) தொட்டேன். வெள்ளை பளீரென்று வந்தது, நீலமும் வந்தது.

அப்போ குற்றவாளி பின்மூடி. உள்ளே ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் பித்தளை வளையம் கால் சுற்று தளர்ந்திருந்தது. மரைகளில் கறுப்புக் கறுப்பாக அழுக்கு. அலுமினியம் காற்றுப்பட்டதும் மெல்லிய ஆக்சைடு போர்வை போர்த்திக்கொள்ளும், அது மின்சாரத்தை விடாது. பழைய பனியன் துணியால் மரையைத் துடைத்தேன், வளையத்தைக் கத்தரிக்கோல் முனையால் இறுக்கினேன். ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் பச்சை? அதற்கும் 3 வோல்ட் பக்கம்தான் வேண்டும், அதே நோயாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பின்மூடியைச் சரிசெய்த பிறகும் பச்சை பத்துப் பன்னிரண்டு விநாடி எரிந்துவிட்டு, யாரோ ஊதி அணைத்தது போல அணைந்தது. கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போட்டால் மறுபடி பத்து விநாடி.

செல்லா, சூடா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை செய்தேன். வெள்ளையை ஐந்து நிமிஷம் எரியவிட்டேன். டார்ச்சின் தலை கையில் சுடும் அளவுக்கு வந்ததும் சட்டென்று பச்சைக்குத் திருப்பினேன். ஒரு விநாடி கூட எரியவில்லை. சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் எரிந்தன. சாரல் காற்றில் ஜன்னல் திண்டில் கால் மணி நேரம் ஆறவைத்துவிட்டுப் போட்டால் பச்சை வந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதேதான். பச்சைப் படிகத்துக்குப் போகும் தலைமுடி போன்ற ஒயரிலோ அதன் சால்டரிலோ விரிசல் இருக்கிறது. குளிர்ந்தால் ஒட்டுகிறது. சூட்டில் வேறு வேறு உலோகங்கள் வேறு வேறு அளவுக்கு விரிவதால் பிரிகிறது. இது வீட்டில் தீராது. தலையைத் திறந்தால் வாரண்டியும் போய்விடும். செல்போனில் இந்தச் சோதனையைக் கடிகாரத்தோடு வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

பச்சைக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். சித்தப்பாவுக்கு உண்மையில் வேண்டியது சிவப்புதான். இருட்டில் பார்க்க உதவும், கண்ணுக்குள் இருக்கும் குச்சி வடிவ உயிரணுக்களைச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. வெள்ளையைக் கண்ணில் வாங்கினால், இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக மறுபடி இருபது முப்பது நிமிஷம் ஆகும். பரணிலிருந்து இறங்கும்போது அவர் சிவப்பு போடுவது அனுபவத்தில் கற்றது. என்றாலும் நாலு நிறத்துக்குக் காசு கொடுத்தது கொடுத்ததுதான்.

ரயிலேறி ஆரியங்காவு குகை தாண்டிப் புனலூர் போனேன். கடைக்காரர் டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பில் உண்டோ அண்ணாச்சி?” இருந்தது. “வெள்ளம் கேறியிட்டுண்டு. வாரண்டி கிட்டில்ல.” தண்ணீர் ஏறியிருக்கிறது, வாரண்டி கிடைக்காது என்கிறார். வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். எங்கள் பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், எங்களுக்கு இது புரியும். மதுரைக்காரர் யாராவது என்றால் “நான் எந்த வெள்ளத்தில் மாட்டினேன்?” என்று சண்டைக்குப் போயிருப்பார்.

தண்ணீர் ஏறியிருந்தால் லென்ஸின் உள்பக்கம் ஆவிப்படலம் இருக்கும், ரப்பர் வளையம் சேதமாகி இருக்கும், துருவோ பச்சைக் களிம்போ தெரியும். மூன்றும் இல்லை என்று காட்டினேன். அப்புறம் வீடியோ. வேறு செல் போட்டும் பார்த்தேன், மரை துடைத்தேன், பின்மூடியைத் தாண்டிச் சோதித்தேன் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். கம்பெனி கேட்கப்போகும் கேள்விகள் இவைதான். அவர் தாளையும் வீடியோவையும் வாங்கி அனுப்பினார்.

அவர் அனுப்ப மறுத்திருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எல்லையோரத்து ஆட்களுக்கு ஒரு நல்ல விஷயம், பொருளைக் கேரளாவில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குத் தேவை வரவில்லை.

மூன்றாவது வாரம் புது டார்ச் வந்தது. கடையிலேயே வெள்ளையைப் போட்டு ஐந்து நிமிஷம் சூடாக்கினேன். கடைக்காரர் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சைக்குத் திருப்பினேன், எரிந்தது. பழைய பில்லின் பின்பக்கம் புது சீரியல் நம்பரை எழுதி, சீல் வைத்துத் தரச் சொன்னேன். வாரண்டி பழைய தேதியிலிருந்துதான் ஓடும் என்றார். மிச்சம் ஏழு மாதம்.