கையெழுத்துப் போடுவதற்கு முன்பு வாருங்கள்

வேலையை விட்டு அனுப்பப்பட்டு வக்கீலான என்னைப் பார்க்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்றுதான். பலரும் ராஜினாமாக் கடிதத்தின் நகலை எடுத்து நீட்டுவார்கள். "எச்ஆர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க சார். இப்பவே மெயில் போட்டா ரெண்டு மாசச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் தர்றோம், இல்லேன்னா டெர்மினேட் பண்ணிடுவோம், அப்புறம் எங்கயுமே வேலை கிடைக்காதுன்னாங்க." ஓ.எம்.ஆர். அலுவலகத்திலிருந்து வருபவரும் இதைத்தான் சொல்கிறார், கிண்டி எஸ்டேட்டிலிருந்து வருபவரும் இதைத்தான் சொல்கிறார்.

அந்த ஒரு கடிதத்தால் என்ன போகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு என்று அனுப்பினால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு, பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை என்றால் முறையான விசாரணை வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது. "மிரட்டி வாங்கினார்கள்" என்பதை நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான் விழுகிறது. மூடிய அறைக்குள் நடந்த பேச்சுக்குச் சாட்சி யார்?

ஆகவே எந்தத் தாளாக இருந்தாலும், "படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? நடந்ததை நேரத்தோடும் இருந்தவர்களின் பெயர்களோடும் அன்றைக்கே உங்கள் சொந்த மெயிலிலிருந்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். அன்றே எழுதியதற்கு நீதிமன்றத்தில் மதிப்புண்டு. ஆறு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸில் முதன்முறையாக மிரட்டல் என்று சொன்னால், 'இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தார்?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

வாயால் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லி அனுப்புவது இன்னொரு வகை. கொஞ்ச நாள் கழித்து, "சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடிவிட்டார்" என்று கம்பெனியிடமிருந்தே ஒரு கடிதம் வரும். இதற்கு இடம் கொடுக்காதீர்கள். மறுநாளே, "வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், கேட்டிலேயே நிறுத்திவிட்டீர்கள்" என்று ஸ்பீட் போஸ்ட்டில் எழுதி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

"நான் மேனேஜர் ஆச்சே, எனக்கு லேபர் சட்டம் பொருந்துமா?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. விசிட்டிங் கார்டில் என்ன பட்டம் இருக்கிறது என்பதை வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை, செய்த வேலையைத்தான் பார்க்கிறது. யாருக்காவது லீவு கொடுத்தீர்களா, யாரையாவது வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ அதிகாரம் இருந்ததா? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கொடுத்த வேலையை முடித்தவரை வெறும் பட்டம் நிர்வாகியாக்கிவிடாது. கடை, அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் அனுப்பக்கூடாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. தி.நகர் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் இது உண்டு. ஆனால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அந்த 30 நாளும் சமாதானப் பேச்சிலேயே கழிந்துவிடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

காலக்கெடு இப்போது மேலும் இறுகியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலைநீக்கத்தை எதிர்க்கப் பழைய தொழில் தகராறுகள் சட்டம் மூன்று ஆண்டு கொடுத்தது. புதிய தொகுப்பில் இரண்டே ஆண்டுதான். வேலையை விட்டவருக்கு, அவராக விட்டாலும் அவர்கள் அனுப்பினாலும், சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. 'ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்' என்று இன்னமும் சொல்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சென்னையில் தொழிலாளர் துறையின் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. வேலைநீக்கத் தகராறு பொதுவாகச் சமரச அலுவலர் முன்புதான் தொடங்கும். அந்தப் பேச்சுவார்த்தையில் வக்கீல் என்ற முறையில் எங்களால் உங்களுக்காக ஆஜராக முடியாது, தொழிற்சங்க நிர்வாகி வரலாம். அதனால்தான் முதல் மனு மிக முக்கியம். சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம், நீக்கிய விதம் ஆகியவற்றில் அங்கே ஒரு தேதி தப்பாக எழுதினாலும், பிறகு குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துத்தான் எதிர்த்தரப்பு தொங்கும். சமரசம் முறிந்தால், சமரச அலுவலர் தரும் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும்.

பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது அவருடைய பணம். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய், பத்தாண்டு சர்வீஸ் என்றால் 1,50,000 ரூபாய் வரும். கேட்காமலே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலாளிகளும் என்னிடம் வருகிறார்கள், அவர்களும் தாமதமாகத்தான் வருகிறார்கள். அம்பத்தூரில் பத்துப் பதினைந்து பேரை வைத்து லேத் பட்டறை நடத்துபவருக்கு எச்ஆர் என்று தனியாக ஆள் இருக்காது. ஒருவர் பொருள் திருடியதாகச் சந்தேகம் வருகிறது. கோபத்தில், "கணக்கை முடிச்சுக்கிட்டுப் போ" என்கிறார். திருட்டு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கும் சார்ஜ் மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை, விசாரணை நடக்கவில்லை. வழக்கு சில ஆண்டு இழுத்து, வேலையில் இல்லாத காலத்துக்கான பின்சம்பளத்தோடு திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அந்தச் சின்னப் பட்டறை தாங்காது. அந்தக் கோபம் வந்த அன்று மாலையே ஒரு வக்கீலைப் பார்த்திருந்தால் செலவு மிகக் குறைவு.

அன்றே வந்திருந்தால் நான் சொல்லியிருப்பது இதுதான். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி என்று தெளிவாக எழுதி மெமோ கொடுங்கள். பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். புகார் கொடுத்தவரையே விசாரணை அதிகாரியாக உட்கார வைக்காதீர்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யத் தொழிலாளிக்கு வாய்ப்பு வேண்டும். சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம், அதாவது அந்தக் காலத்தில் பிழைப்புக்குத் தரும் சம்பளம், கட்டாயம். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கும் மேல் போனால் முழுச் சம்பளம். இதைக் கொடுக்காமல் நடத்தும் விசாரணை, தொழிலாளியைப் பட்டினி போட்டு நடத்திய விசாரணை என்று விழுந்துவிடும். விழவும் வேண்டும். பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கும் நிறுவனங்களுக்காக வாதாட என்னிடம் வாதமே இல்லை. அது தொழிலாளியின் பணம், கட்டாமல் வைத்திருப்பது குற்ற வழக்கு வரை போகும்.

"வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது?" என்று வேலை இழந்தவர் கேட்பது நியாயம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிலகத் தொழிலாளிகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாநில ஆணையம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது நியமனக் கடிதம், கடைசிச் சம்பள சீட்டுகள், பிஎஃப் பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள் என எல்லாவற்றையும் கொண்டு போங்கள். நியமனக் கடிதமே தரவில்லையென்றால் அடையாள அட்டையும் இஎஸ்ஐ கார்டும் போதும், அதை வைத்தே வழக்கைத் தொடங்கலாம்.