"ஜவ்வு ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னால் போதாது

கபடியில் ரெய்டரின் கணுக்காலை எதிரணி பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்புகிறது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் இணைக்கும் நாரான ஏசிஎல் அறுந்திருப்பது எம்ஆர்ஐயில் தெரியவருகிறது. ஆபரேஷன் முடிந்து பிசியோதெரபிஸ்டிடம் போகும் வீரர் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "ஜவ்வு ஆபரேஷன் பண்ணிருக்கு சார்."

இங்கேதான் சிக்கல். நம் பேச்சில் ஏசிஎல்லும் ஜவ்வு, எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. எதில் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்து அடுத்த ஆறு வாரம் அடியோடு மாறும். மெனிஸ்கஸில் கிழிந்த ஓரத்தை வெட்டி எடுத்திருந்தால் சீக்கிரமே காலூன்றலாம். தையல் போட்டிருந்தால், பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை முட்டியை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. குத்தவைத்து உட்கார நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும். மெனிஸ்கஸ் எலும்போடு பிடித்திருக்கும் வேர்ப் பகுதியைத் தைத்திருந்தால் ஊன்றுகோல்தான், எடையே போடக் கூடாது. இது தெரியாத பிசியோ நல்லெண்ணத்தோடு மடக்கினாலும் தையல் பிய்ந்துவிடலாம்.

அதனால் சர்ஜன் எழுதித் தரும் ஆபரேஷன் குறிப்பு பிசியோவின் கைக்கு வந்தே ஆக வேண்டும். அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலாகப் பொருத்திய நாரை உடம்பில் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கும். பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங்கில் எடுத்திருந்தால், குதிகாலில் எடை கட்டிப் பின்னுக்கு மடக்கும் பயிற்சியை 6 முதல் 8 வாரம் தள்ளிப்போட வேண்டும். எடுத்த இடமும் ஆற வேண்டுமே. முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாரை எடுத்திருந்தால், அதன் இரு முனையிலும் எலும்புத் துண்டு இருப்பதால் எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டும். ஆனால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், மண்டியிட்டால் இன்னும் வலிக்கும்.

வைத்த நார் முதல் நாளில் பலமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. உள்ளிருக்கும் செல்கள் செத்து, புது இரத்தக் குழாய்கள் மெல்ல நுழைகின்றன. இந்த மாற்றத்தின் நடுவே, ஏறக்குறைய 6 முதல் 12 வாரத்தில், நார் மிகவும் பலவீனமாக இருக்கும். வீரருக்கு வலி போய், வீக்கம் வடிந்து, "சரியாயிடுச்சு" என்று தோன்றுவதும் அதே வாரங்களில்தான். சர்ஜனும் பிசியோவும் ஒரே குரலில் "இப்போ ஓடக் கூடாது" என்று சொல்ல வேண்டிய நேரம் இது. இருவரும் வெவ்வேறாகச் சொன்னால் வீரர் தனக்குப் பிடித்ததைத்தான் எடுத்துக்கொள்வார்.

பிசியோவிடமிருந்து சர்ஜனுக்கும் தகவல் போக வேண்டும். அதில் முதன்மையானது முட்டி முழுசாக நீள்கிறதா என்பது. கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, முட்டிக்குக் கீழே இரு கால்களும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி விட்டால் இரு குதிகாலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு குதிகால் 1 செ.மீ. மேலே நின்றால் சுமார் 1 டிகிரி நீட்டம் குறைவு. வாரக்கணக்கில் பயிற்சி செய்தும் இது குறையாமல், நீட்டும்போது முன்பக்கம் ஏதோ இடிப்பதுபோல் இருந்தால், புதிய நாருக்கு முன்னால் தழும்புக் கட்டி வளர்ந்திருக்கலாம். அழுத்தி நீட்டினால் அது போகாது. சர்ஜன் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் வலியும் வீக்கமும், காய்ச்சல், தையலில் நீர் கசிவு ஆகியவை அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாதவை, அன்றே தெரிவிக்க வேண்டும்.

எப்போது மைதானத்துக்குப் போகலாம்? தேதி மட்டும் பார்த்து அனுமதி தருவது தவறு என்றே சொல்வேன். 2016இல் வெளியான ஒரு நார்வே-அமெரிக்க ஆய்வில், ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாதக் கணக்கோடு சோதனையும் வேண்டும்: முன்தொடைத் தசையின் பலமும், ஒற்றைக்காலில் தாவும் தூரமும் மற்றக் காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. மாதக்கணக்கில் ஓடாமல் இருந்ததில் நல்ல காலும் பலம் குறைந்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் 90 சதவீதம் எளிதாக வந்துவிடும். ஆபரேஷனுக்கு முன்பே பிசியோ நல்ல காலின் பலத்தை அளந்து எண்ணாக எழுதிவைத்தால், ஒன்பதாவது மாதத்தில் சர்ஜன் அந்த எண்ணோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.