தாமதமாகும் என்று தெரிந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்

போன வாரம் இன்னொரு பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். மனிதவளத் துறைக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் இந்த ஒரு வேலை மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

கெட்டிக்கார இளைஞர். அவருடைய வாராந்திர அறிக்கைகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே வேலைக்கு எதிரே நான்கு வாரமும் "90 சதவீதம் முடிந்தது" என்றே இருக்கிறது. வேறொரு பிரிவிலிருந்து வர வேண்டிய தரவு வராததால் மிச்சம் 10 சதவீதம் இரண்டாவது வாரமே நின்றுபோயிருக்கிறது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மேனேஜரிடமாவது சொல்லியிருக்கலாம். வேலையை ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில்தான் மேனேஜருக்கே விஷயம் தெரிந்தது. இதற்கு முன்பும் இரண்டு முறை இதே கதைதான். "எப்படியாவது நானே முடிச்சிடலாம்னு நினைச்சேன் மேடம்" என்றார், தலையைக் குனிந்தபடி. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தங்கள் குறை என்று நினைப்பதோ வேறொன்று. "நான் அதிகம் பேசாத ஆள், அதான் மேலே வர முடியலை." இதைக் கேட்காத மாதமே கிடையாது. பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறார்கள். மீட்டிங்கில் தன்னை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று வலிந்து இரண்டு கேள்வி கேட்கிறார்கள். அன்று மாலை அனுப்புவதாகச் சொன்ன கோப்பை மட்டும் அனுப்புவதில்லை. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: வாய்ச் சாமர்த்தியம் நேர்முகத் தேர்வு அறையில் உதவும். ஆறு மாதம் கூடவே வேலை பார்த்தவர்கள், இவரிடம் கொடுத்தால் மறுபடி நினைவூட்ட வேண்டுமா வேண்டாமா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நான் பார்த்ததை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பேரிக், மவுன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 117 ஆய்வுகளைத் திரட்டி, ஏறத்தாழ 24,000 பேரின் தகவல்களை அலசி 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காவல் துறையினர், மேலாளர்கள், விற்பனையாளர்கள் உட்பட ஐந்து வகைத் தொழில்களிலும் நல்ல பணித்திறனோடு சேர்ந்தே காணப்பட்ட குணம் பொறுப்புணர்வு. கலகலப்பாகப் பழகும் சுபாவம் மேலாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும்தான் கைகொடுத்தது. பொறுப்புணர்வுக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பும் மிதமானதுதான். குணம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஆனால் அமைதியான ஆள் என்பதற்காக உங்களை நீங்களே ஒதுக்கிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு விஷயம். பொறுப்புணர்வு என்றால் இரவு வரை நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது இல்லை.

ஒரு வேலையை ஒப்புக்கொள்ளும் முன், ஏற்கெனவே கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள். தேதி சொல்லாமல் "பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள். சதவீதக் கணக்கு வேண்டாம். எது முடிந்தது, எது யாரிடம் நிற்கிறது என்று எழுதுங்கள். கெடுவில் பாதி நாட்கள் போனதும் ஒரு முறை நின்று பாருங்கள். தாமதமாகும் என்று அப்போதே தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், கூடவே புதுத் தேதியையும். தவறு உங்களுடையது என்றால் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று பத்தி விளக்கம் யாரும் படிப்பதில்லை.

மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் தவறை வெளியே சொல்லத் துணிந்ததுதான் அதற்குக் காரணமாக இருக்கும் என்று அவர் விளக்கினார். கெட்ட செய்தி கொண்டுவந்தவரை எல்லோர் முன்னாலும் கத்தினால், அடுத்த நான்கு வாரமும் உங்களுக்கு "90 சதவீதம்" தான் வரும். கோபம் வந்தால் அறைக்கு வெளியே போய்விட்டு வாருங்கள். அப்புறம், "இப்போது என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள்.

இதைப் படிக்கும்போதே யாருக்காவது ஒரு வேலை நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைகிறதா? அந்த வேலையைக் கொடுத்தவருக்கு இரண்டு வரி எழுதுங்கள், சாயங்காலத்துக்குள். "இது இங்கே நிற்கிறது. எனக்கு இன்னும் இத்தனை நாள் வேண்டும்." அவ்வளவு போதும்.