தன் விஷத்தைத் தானே சமைக்கும் கிருமி

நகரியிலிருந்து ஒரு விசைத்தறித் தொழிலாளி கேட்டிருந்தார்: "எங்க மச்சானுக்கு டிபி. கொஞ்ச நாள் விட்டு விட்டு மாத்திரை சாப்பிட்டாரு, உடம்பு தேறினதும் நிறுத்திட்டாரு. இப்ப திரும்ப வந்திருக்கு. பழைய மாத்திரை கேக்காதுன்னு சொல்றாங்க. அவரு உடம்புக்கு மருந்து பழகிப்போச்சா சார்?"

இல்லை. மச்சானின் உடம்பு மேல் ஒரு தப்பும் இல்லை. மருந்துக்கு மசியாதது கிருமி. அதுவும் மருந்தைத் தின்று தின்று பழகியதல்ல. அவர் முதல் மாத்திரையை வாயில் போடும் முன்பே அந்த மசியாத ரகம் நுரையீரலில் குடியிருந்திருக்கலாம்.

இருமினால் பரவும், சளியைச் சோதிக்க வேண்டும், ஆறு மாதம் மாத்திரை. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடத்துக்கு நேரே போகிறேன்: ஐசோனியாசிட் என்ற டிபி மாத்திரை.

மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரத்தில் பழைய காசநோய் சானடோரியம் ஒன்று உண்டு. சயரோகம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்றிருந்த காலத்தைச் சேர்ந்தது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, இந்த மாத்திரையோடு இன்னொன்றும் சேர்த்துச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்று காட்டியது.

வேடிக்கை என்னவென்றால், நாம் விழுங்கும் ஐசோனியாசிட் அந்த நிலையில் மருந்தே அல்ல. கிருமியை அது ஒன்றும் செய்யாது. கிருமிக்குள் கேட்-ஜி என்றொரு நொதி இருக்கிறது. நம் வெள்ளணு கிருமியை விழுங்கியதும் அதன் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை ஏவும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சரக்கு. அதை உடைத்துத் தண்ணீராக்கிக் கிருமியைக் காப்பாற்றுவதுதான் கேட்-ஜியின் வேலை. ஐசோனியாசிட் வந்தால் அதன் மேலும் இந்த நொதி கைவைக்கிறது. அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. உடைந்த துண்டு, கிருமியிடமே உள்ள என்ஏடி என்ற மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு விஷமாகிறது. கிருமியின் மெழுகுச் சுவருக்கான கொழுப்பு அமிலம் தயாராகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. சுவர் எழுப்ப முடியாமல் கிருமி சாகிறது. அடுப்பு அதனுடையது, விறகு அதனுடையது, சமைத்ததும் அதுவே. இதில் கேட்-ஜியின் பங்கு 1992இல்தான் பிடிபட்டது. அதுவரை 40 ஆண்டுகள் விவரம் தெரியாமலேயே ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறோம்.

கிருமி தப்பிக்க என்ன வழி? அடுப்பான கேட்-ஜியையே உடைத்துவிடலாம். ஆனால் பெராக்சைடு வந்தால் கதி என்ன? நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் மசியாத ரகம் இதைவிடச் சாமர்த்தியமானது. கேட்-ஜி புரதச் சங்கிலியில் 315ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். இந்த ரகத்தில் திரியோனின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். அவ்வளவுதான். வாசல் கொஞ்சம் குறுகிவிடுகிறது. சின்ன பெராக்சைடு நுழைகிறது, பெரிய ஐசோனியாசிட் தடுமாறுகிறது. யாரும் யோசித்துச் செய்ததல்ல, மரபணுவை நகலெடுக்கையில் விழுந்த எழுத்துப்பிழை.

ஐசோனியாசிட்டுக்கு மசியாத பிழை சுமார் 10 லட்சம் கிருமிகளில் ஒன்றில் இருக்கும். கூடவே கொடுக்கும் இன்னொரு டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குச் சுமார் 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் விழுந்த ஓட்டை ஒன்றிலேயே 10 கோடி கிருமிகள் இருக்கலாம். அப்படியானால் ஐசோனியாசிட்டுக்கு மசியாதவை ஏற்கெனவே ஒரு நூறு இருக்கும். இரண்டுக்குமே மசியாத ஒன்று வேண்டுமானால் கோடி கோடியில் தேட வேண்டும். ஆரம்பத்தில் நான்கு மருந்து சேர்த்துக் கொடுப்பதன் கணக்கு இதுதான். ஒன்றைத் தின்று ஒன்றை விட்டால் அந்த நூறும் பெருகி 10 கோடியாகும். அதற்குள் ரிஃபாம்பிசினுக்கும் மசியாத ஒன்று பிறந்திருக்கும். இரண்டுக்கும் மசியாவிட்டால் அதற்கு எம்டிஆர் டிபி என்று பெயர். ஜன்னல் சாத்திய தறிக்கூடத்தில் அது இருமலோடு கிளம்பினால், மாத்திரையைக் கண்ணால் பார்க்காதவருக்கும் நேராக எம்டிஆர்தான்.

மச்சானைத் திட்டாதீர்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவப்பாகப் போகும். "சூடு பிடிச்சிருச்சு, நிறுத்து" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அது மருந்தின் நிறம், சூடு அல்ல. அப்புறம், நெய்தால்தான் கூலி என்று இருப்பவர் மாத்திரைக்காகத் தறியை நிறுத்திவிட்டு எத்தனை நாள் அலைவார்? ரிஃபாம்பிசினுக்குப் பிறகு முற்றிலும் புதுவகை மருந்தான பெடாகுவிலின் வர சுமார் 40 ஆண்டுகள் ஆயின. இது பணக்காரர் வியாதியாக இருந்திருந்தால் இவ்வளவு காத்திருக்க விட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, மச்சானுக்கு இப்போது என்ன? பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாத சிகிச்சைக்கு இந்திய அரசு 2024இல் அனுமதி தந்தது. அவருக்கு அது ஒத்துவருமா என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்வார். இதில் பிரெட்டோமானிட்டும் ஐசோனியாசிட் ஜாதிதான்: விழுங்கும்போது சாது, கிருமியின் வேறொரு நொதி கைவைத்ததும் விஷம். அந்த நொதியில் எழுத்துப்பிழை விழுந்த கிருமிகளும் உண்டு. அதனால்தான் அதைத் தனியாக அனுப்பாமல் துணைக்கு மூன்று பேரைச் சேர்த்து அனுப்புகிறார்கள்.