புண்ணைச் சுடாத பிளாஸ்மா

"அம்மாவுக்கு இனிப்புநீர். காலில் ஆறாத புண். பிளாஸ்மா காட்டினால் ஆறும் என்கிறார்கள். மின்னலில் இருப்பதும் அதுதானே, சதை வெந்துவிடாதா?" என்று பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்.

வேகாது. பிளாஸ்மா என்பது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து மின்னேறிய வாயு. மின்னலில் எலக்ட்ரானும் அணுவும் சேர்ந்தே கொதிக்கின்றன. மருத்துவத்துக்கான குளிர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் மட்டுமே 10,000 டிகிரியைத் தாண்டும். தோலைத் தொடும் வாயு ஏறக்குறைய உடல் சூட்டில்தான் இருக்கும். காரணம் எடை. இதில் பயன்படும் ஆர்கான் வாயுவின் அணு எலக்ட்ரானைவிடச் சுமார் 73,000 மடங்கு கனம். லாரியில் பட்ட கோலிக்குண்டாக எலக்ட்ரான் தெறித்துத் திரும்புகிறது. ஒரு மோதலில் அதன் ஆற்றலில் ஏறத்தாழ 36,000-இல் ஒரு பங்குதான் அணுவுக்குப் போகிறது. அணு சூடேற எண்ணற்ற மோதல்கள் வேண்டும். அதற்குள் பிளாஸ்மாவை உண்டாக்கும் மின்பொறியை அணைத்துவிட்டால் போதும்.

அணைக்கும் விதம்தான் அற்புதம். உயர் மின்னழுத்த மின்முனையைச் செராமிக் அல்லது சிலிகோனால் மூடிவிடுகிறார்கள். எதிர் மின்முனை நோயாளியின் தோலே. பொறி பாய்ந்ததும் மின்னூட்டம் அந்த மூடியின் மேல் தேங்குகிறது. தேங்கிய மின்னூட்டமே எதிர்ப்புலமாகி, சில பத்து நானோவிநாடிகளில் பொறியைத் தானே நிறுத்திவிடுகிறது. மின்னழுத்தம் திசை மாறும்போது மறுபடி ஒரு பொறி. காவலுக்கு வேறு கருவியே வேண்டாம்!

எலக்ட்ரான்கள் காற்றிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி மூலக்கூறுகளை உடைக்க, ஓசோன், நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ராக்சில் போன்றவை பிறந்து புண்ணின் ஈரத்தில் கரைகின்றன. அளவு மிஞ்சினால் கிருமிகளோடு நம் செல்களும் சாகும். அளவாக இருந்தால் வளரத் தூண்டப்படும்.

ஆகவே மிஸ்ஸி (தாதி) முதலில் புண்ணைக் கழுவ வேண்டும். அழுகிய சதையும் மஞ்சள் படலமும் நீங்காவிட்டால், ஓசோன் முதலான இந்தப் பொருள்கள் அதிலேயே செலவழிந்துபோகும். பழைய களிம்பும் அப்படித்தான் தடுக்கும். ஆர்கான் வாயுவைப் பீச்சும் பேனா வடிவக் கருவியில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் வாயு ஓடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 முதல் 60 விநாடி, முனையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சுரீர் என்னும். ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் விலகினால், வீரியம் காற்றிலேயே போய்விடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

2020-இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில், போலிச் சிகிச்சையைவிடப் பிளாஸ்மா பெற்ற நீரிழிவுக் கால்புண்கள் வேகமாகச் சுருங்கின. கிருமி அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செல்களைத் தூண்டுவதுதான் இதன் பெரிய பலன் என்று நான் கருதுகிறேன்.

2023 கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்மா ஆய்வு மையமே இருக்கிறது. நம் அரசாங்க மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்க்கப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். காப்பித்தூளும் மஞ்சளும் அப்பி வாரக்கணக்கில் காத்திருந்து விரலை இழப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு முதலில் காலின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதியுங்கள். தமனி அடைத்திருந்தாலும், அதே செருப்பு புண்ணை அழுத்திக்கொண்டிருந்தாலும், எந்தப் பிளாஸ்மாவாலும் அந்தப் புண் மூடாது.