நடுவயதில் மனநலத்துறைக்கு வருவோர்: மருத்துவ உளவியலா, மனநல மருத்துவமா?

தண்டையார்பேட்டையில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியும் என்னிடம், முப்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு இத்துறையில் படிக்க விரும்புவோர் அடிக்கடி ஆலோசனை கேட்கிறார்கள். வங்கி ஊழியர்களும் பள்ளி ஆசிரியைகளும் வருகிறார்கள். 1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குத் தம்பியையோ தாயையோ ஆண்டுக்கணக்கில் அழைத்துச் சென்று, அந்த அலைச்சலிலேயே இத்துறைமீது பற்றுக்கொண்டவர்களும் வருகிறார்கள். இரண்டில் எது உயர்ந்தது, எதைப் படித்தால் 'டாக்டர்' என்று அழைப்பார்கள் என்பதே பெரும்பாலோரின் முதல் கேள்வி. நோயாளியின் அருகில் இருந்து எந்த வேலையைச் செய்ய உங்கள் மனம் விரும்புகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மனநல மருத்துவர் அடிப்படையில் ஒரு மருத்துவர். மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தால், இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் அவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். குடியைத் திடீரென நிறுத்திய மூன்றாம் நாள், உடல் நடுங்கிப் பிதற்றும் நிலையில் தூக்கிவரப்படுபவரை இரவுப் பணியில் காப்பாற்ற வேண்டும். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் சரியான முடிவெடுக்க வேண்டும்.

மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத முடியாது. அவருடைய கருவிகள் உரையாடலும் சோதனைகளும்தான். அழுக்கு ஒட்டிவிடுமோ என்ற ஓயாத பயத்தில் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்துபோன ஒரு பெண்ணைக் கதவின் கைப்பிடியைத் தொடச் செய்து, கழுவ எழுந்து ஓடாமல், அந்தப் பதற்றம் தானாகத் தணியும்வரை முக்கால் மணி நேரம் அருகில் அமர்ந்திருப்பதும், அடுத்த வாரம் அதைவிடக் கடினமான ஒன்றைத் தொடச் செய்வதும் எங்கள் வேலை. அவர் அழுவார், கோபப்படுவார். பரிதாபப்பட்டு "சரிம்மா, போய்க் கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் சிகிச்சை அங்கேயே பின்வாங்கிவிடும். குழந்தைகளின் அறிவுத்திறனையும் கற்றல் குறைபாட்டையும் மதிப்பிட்டு விரிவான அறிக்கை எழுதுவதிலும் எங்கள் நேரத்தில் கணிசமான பகுதி செல்கிறது. அந்தப் பொறுமையான எழுத்து வேலை பிடிக்காதவர்கள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

அடுத்து, ஆண்டுக் கணக்கு. நீட் இளநிலைத் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டதால், நாற்பது வயதிலும் எம்.பி.பி.எஸ். சேரச் சட்டத் தடை இல்லை. ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் படித்துத் தேறியிருக்க வேண்டும். வணிகவியல் படித்தவருக்கு இதுவே முதல் சுவர். முப்பத்தேழு வயதில் இடம் கிடைத்தாலும், ஹவுஸ் சர்ஜன் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டு, பிறகு நீட் முதுநிலைத் தேர்வு, பிறகு எம்.டி. மூன்று ஆண்டு என, மனநல மருத்துவராக வெளியே வரும்போது நாற்பத்தாறை எட்டிவிடுவார். வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ளவர்களுக்கு இந்தப் பாதையை நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். முடித்து மாநகராட்சி மருத்துவமனையிலோ சொந்த கிளினிக்கிலோ இருப்பவரின் நிலை வேறு. அவருக்கு எம்.டி.யின் மூன்று ஆண்டுகள்தான் பாக்கி, தயங்க வேண்டியதில்லை.

மருத்துவ உளவியலுக்கு இதுவரை இருந்த முக்கிய வழி, உளவியலில் இரண்டாண்டு முதுகலையும் அதன்மேல் இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்.சி.ஐ. அங்கீகரித்த இரண்டாண்டு எம்.ஃபில். பட்டமும் ஆகும். இந்த எம்.ஃபில். முழுநேரப் படிப்பு, வார்டிலும் ஓ.பி.யிலும் மேற்பார்வையின்கீழ் பயிற்சி பெற வேண்டியிருப்பதால், வேலையில் இருந்துகொண்டே படிக்க இயலாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளருக்கான வரையறையில் ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தை வலியுறுத்துகிறது.

இப்பாதை இப்போது மாறிவருகிறது. எம்.ஃபில். படிப்பைக் கைவிட்ட பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் 2025-26 கல்வியாண்டு வரை மட்டும் விலக்களித்தது. ஆகவே பிந்தைய சேர்க்கைக்கு அந்தந்த ஆண்டின் ஆர்.சி.ஐ. அறிவிப்பையே நம்ப வேண்டும். குடும்பப் பெண்கள் பலர் வேலையோடு சேர்த்துப் படித்துவந்த தொலைநிலை உளவியல் முதுகலைக்கும், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. பயிற்சியின் தரத்துக்கு நேரடிப் படிப்பு தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்ணூரிலோ மணலியிலோ இருக்கும் ஒரு தாய்க்கு, பகல் முழுவதும் கல்லூரியில் இருப்பது எளிதன்று.

இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் பயிற்சி மையங்கள் உண்டு. அச்சான்றிதழைக் கொண்டு ஆர்.சி.ஐ.யில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய முடியாது. கட்டணம் செலுத்துவதற்கு முன், அந்தக் கல்வியாண்டுக்கான ஆர்.சி.ஐ. அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை இடங்களுக்கு அனுமதி உள்ளது, பயிற்சி எந்த மருத்துவமனையில் நடைபெறும், மேற்பார்வையிடுபவர் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்பவற்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.