மாத்திரை விலை குறைஞ்சிருக்கும், கேட்டுப் பாத்தீங்களா?

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். மாதம் பிறந்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். தாங்கள் சாப்பிடும் மருந்து கால்வாசி விலைக்கே கிடைக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. கடன் வாங்கி மாத்திரை வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு பொறுக்காது.

ஜார்டியன்ஸ் என்ற பெயரில் வந்த எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து, ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை, அதாவது கண்டுபிடித்த கம்பெனியைக் கேட்காமல் வேறு யாரும் அதைத் தயாரிக்கக்கூடாது என்ற உரிமை, முடிந்தது. முடிந்த கையோடு பல கம்பெனிகள் அதே மருந்தை இறக்கின. சிலவற்றின் விலை 10 ரூபாய்க்கும் கீழே. வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் என்ற வேறு இரண்டு சர்க்கரை மருந்துகளுக்கும் 2019 டிசம்பரிலும், 2022 ஜூலையிலும் முறையே இதேதான் நடந்தது.

காப்புரிமை 20 வருஷம். விண்ணப்பித்த நாளிலிருந்தே அந்தக் கணக்கு ஓடும். ஆராய்ச்சி, அனுமதி எல்லாம் முடிந்து கடைக்கு வருவதற்குள் பல வருஷம் கழிந்திருக்கும். முடிகிற நேரத்தில் மருந்தின் உப்பு வடிவத்தையோ படிக வடிவத்தையோ லேசாக மாற்றி மறுபடி காப்புரிமை கேட்பதும் உண்டு. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு அதைத் தடுக்கிறது. கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கில், 2013ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவின்படியே காப்புரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. நோயாளிகளுக்குக் கிடைத்த பெரிய காவல் அது என்பேன்.

விலை இறங்கினாலும் சீட்டு தானாக மாறாது. டாக்டர் எழுதிய பெயரை விட்டு வேறு கம்பெனி மாத்திரையை நாங்களாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. "இதே மருந்து வெல கம்மியா வந்திருக்குதுங்களா?" என்று நீங்கள்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும். தயங்காதீர்கள், மாற்றி எழுதித் தருகிறார்கள்.

மாற்றிய பிறகுதான் கவனம் வேண்டும். போன சித்திரையில் ஒரு ஆத்தா கிறுகிறுப்பு என்று வந்து உட்கார்ந்தார். மஞ்சப்பையைப் பிரித்தால், மீந்துபோன பழைய அட்டை ஒன்று, புது அட்டை ஒன்று. இரண்டுமே எம்பாக்ளிஃப்ளோசின் 25 மி.கி. "பேரு வேற வேறயா இருந்துச்சு கண்ணு, அதான் ரெண்டையும் போட்டுக்கிட்டேன்" என்றார். சர்க்கரையோடு தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிற மருந்து அது. வெயிலில் இரட்டிப்பு அளவு ஆளைச் சாய்த்துவிடும். மகனை வரவழைத்து அப்போதே டாக்டரிடம் அனுப்பினேன். அட்டையில் கம்பெனி வைத்த பெயரைப் பார்க்காதீர்கள். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். படிக்க வராதவர்கள் பழைய அட்டையையும் கடைக்கு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

வெல கம்மின்னா வீரியமும் கம்மியா என்று கேட்பார்கள். தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகள், அசல் மருந்தைப்போலவே ரத்தத்தில் சேர்கின்றனவா என்று சோதித்துக் காட்டினால்தான் மாத்திரை தயாரிக்க லைசென்ஸ் என்று 2017ல் விதி வந்தது. வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை மட்டும் அடிக்கடி கம்பெனி மாற்றாதீர்கள். அவற்றில் சின்ன வித்தியாசமும் உடம்பில் தெரியும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.